மாப்ள, கப்பை விட்டுட்டு வந்தது நீ மட்டும் இல்ல

டேய் மாப்ள,

ரெண்டு வருஷமா ஒத்த வரி எழுதல, திட்டணும்னா திட்டிக்கோ, ஆனா முழுசா படிச்சிட்டு திட்டு. இங்க எல்லாரும் சௌக்கியம், மழைதான் நிக்க மாட்டேங்குது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் ஆச்சா?

விஷயம் என்னன்னா, போன வாரம் வாலன்ஷியா தீவுக்கு போயிருந்தோம், அயர்லாந்துல கெர்ரி மாவட்டத்துக்கு மேற்கு ஓரத்துல இருக்கு, அதைத் தாண்டினா அட்லாண்டிக்தான். அங்க டீ குடிக்கிற இடத்துல ஒரு பெரியவர்கிட்ட பேச்சு குடுத்தேன், மனுஷன் மிக் ஓகானல் கதையை ஆரம்பிச்சவரு ஒரு மணி நேரம் நிறுத்தல.

ஓகானல் இந்த ஊர் கேலிக் ஃபுட்பால் ஆளு. இது நம்ம ஃபுட்பால் இல்லடா, கையாலயும் பிடிக்கலாம், சைடுக்கு பதினஞ்சு பேரு, அவரு காலத்துல பந்தை கம்பத்துக்கு மேல அடிச்சா ஒரு பாயிண்ட், வலைக்குள்ள அடிச்சா மூணு. இவரு மிட்ஃபீல்டு. எல்லாருக்கும் மேல எகிறி பந்தைப் பிடிப்பாராம், அப்புறம் ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி அடிப்பாராம். ஆனா ஒத்த பைசா சம்பளம் கிடையாது, இன்னைக்கும் இந்த ஆட்டத்துல அப்படித்தான். மனுஷன் தீவுல கேபிள் ஸ்டேஷன்ல வேலை பாத்தாரு, கடலுக்கடியில அமெரிக்காவுக்கு தந்தி போன இடம். அப்ப தீவுக்கு பாலமும் இல்ல. பிராக்டிஸ்னா தானே துடுப்பு போட்டு கரைக்கு வந்து, அங்கேருந்து கார்ல கில்லார்னி, முடிஞ்சதும் ராத்திரி இருட்டுல திரும்ப துடுப்பு. நீ சைக்கிள் பஞ்சர்னு மூணு நாள் மட்டம் போட்டவன், ஞாபகம் இருக்கா?

1959-ல கெர்ரி டீமுக்கு அவருதான் கேப்டன். மாவட்டங்களுக்குள்ள நடக்கிற ஆல் அயர்லாந்து போட்டி, டப்ளின் க்ரோக் பார்க்ல ஃபைனல், கால்வே டீமை அடிச்சு ஜெயிச்சாச்சு, இவருக்கு பாதியில அடிபட்டு வெளிய வந்துட்டாரு. ஊரே கொண்டாடுது, இவரு கப்பை டிரெஸ்ஸிங் ரூம்லயே விட்டுட்டு ரயிலேறி, படகு வலிச்சு வீட்டுக்கு போயிட்டாராம்! சாம் மக்வயர் கப்புடா, அந்த ஆட்டத்துல அதுக்கு மேல கப்பே கிடையாது. எனக்கு உடனே நீ நம்ம கப்பை விட்டுட்டு வந்த 7-பி பஸ்ஸும் அந்த கண்டக்டரும்தான் ஞாபகம் வந்துச்சு, சிரிச்ச சிரிப்புல பெரியவரு கோவிச்சுக்கிட்டாரு.

அப்புறமும் 62, 69, 70-ன்னு மொத்தம் நாலு தடவை ஆல் அயர்லாந்து ஜெயிச்சாரு. 72 ஃபைனல் ஆடும்போது வயசு 35. பின்னாடி நூற்றாண்டு டீம்னு பதினஞ்சு பேரைப் பொறுக்கினப்ப மிட்ஃபீல்டுல இவரு பேரும் இருந்துச்சு.

சிரிச்சு முடிச்சு காருக்குள்ள வந்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சு மாப்ள. நாம வாலிபால் ஆடினது ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்குத்தானே? லிஸ்ட்ல பேரு வரலைன்னதும் அந்த வாரமே நெட்டைக் கழட்டினோம், கழட்டினது நான்தான், நீ வேண்டாம்னு சொன்ன, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வேலை வேற ஆட்டம் வேறன்னு நமக்கு ஏன்டா தோணவே இல்ல? மழையில படகு வலிச்சுக்கிட்டு போனவரை யார் பாத்தா, யார் காசு குடுத்தா?

சரி விடு. டிசம்பர்ல வரேன். அந்தக் கிரவுண்ட் இருக்கா, இல்ல பிளாட் போட்டாச்சா? இருந்தா நெட்டுக்கு காசு நான் அனுப்புறேன், கம்பம் நீ நடு. உன் மூட்டு வலி கதையெல்லாம் வேண்டாம், நின்ன இடத்துலயே சர்வீஸ் போட்டா போதும். சின்னக்கருப்புகிட்டயும் சொல்லிடு, விசில் அவன்கிட்டதான் இருக்கு.

உன்
ரவி