நேசமணி கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள குமரி மாவட்ட நண்பர்களுக்கு,

குமரியைத் தமிழகத்தோடு இணைக்கப் போராடிய மார்ஷல் நேசமணியின் வாழ்க்கையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட நாகர்கோவிலில் நாங்கள் வைத்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. உங்களை நம்பித்தான் இறங்கினோம், நீங்கள் கைவிடவில்லை.

1956 நவம்பர் 1, திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம் குமரி தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள் என்றதும் அவர் பெயர் எல்லோருக்கும் நினைவு வரும். அதற்கு முன்பே, 1940-களில், நாகர்கோவில் நகர்மன்றத் தலைவராக இருந்தவர் அவர் என்பது இளையவர்கள் பலருக்குத் தெரியாது. நகராட்சி 2019-இல் மாநகராட்சியாகி, 2022-இல் முதல் மேயரும் வந்துவிட்ட ஊரில் இதைச் சொல்லாமல் விடலாமா?

முதல் நன்றி, பத்திரிகை நறுக்குகள் தந்த வக்கீல் குடும்பத்துக்கு. டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை ஆளைத் தூக்கியது. மடிப்பில் கிழிந்துவிடக் கூடாதென்று அந்த வீட்டம்மா ஒவ்வொரு நறுக்கையும் அடியில் அட்டை கொடுத்துத்தான் எடுத்தார்.

அப்புறம், பிள்ளைகளோடு பேச வந்த மூத்த வழக்கறிஞர். 1921-இல் நாகர்கோவில் நீதிமன்றத்தில் மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, மற்றவர்களுக்குக் குத்துமுக்காலி. வக்கீலாக வந்த முதல் நாளே நேசமணி முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததாகச் சொல்வார்கள். பெரியவர் ஒரு முக்காலியையும் நாற்காலியையும் பக்கத்தில் போட்டே இதைச் சொன்னார். "அப்போ ஜட்ஜி ஒண்ணும் சொல்லலியா தாத்தா?" என்று ஒரு பையன் கேட்டான். அன்றைய சாதிக் கொடுமையை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கி அவர் விளக்கியதை ஆசிரியர்களும் நின்று கேட்டார்கள்.

பழைய குழுப்படத்தில் இருந்தவர்களை அடையாளம் சொன்ன ஓய்வுபெற்ற நகராட்சி ஊழியருக்கும், காசு வாங்க மறுத்த நகலகக்காரருக்கும், நேசமணியின் சொந்த ஊரான பள்ளியாடியிலிருந்து பெரியவர்களை ஏற்றி வந்த ஆட்டோ அண்ணனுக்கும், சாயாவும் முந்திரிக்கொத்தும் தந்த அக்காமாருக்கும் மனமார்ந்த நன்றி.

இரவல் வாங்கியதெல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஜூன் 12 நேசமணியின் பிறந்தநாள். அன்று பள்ளியாடியில் இதையே வைக்கக் கேட்டிருக்கிறார்கள். தமிழகத்தோடு இணையக் கேட்டுப் போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூடு பற்றிய படமோ நறுக்கோ யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டுக்கே வந்து நகல் எடுத்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
கண்காட்சி நடத்தியவர்கள் சார்பில்,
நாகர்கோவில்