ஜவ்வரிசி போய், கடுகு திரும்பி வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் திரவ உலோகங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடும் கேலியத்தைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. கூடவே ஒரு பெட்டிச் செய்தி இருந்தது. கேலியத்தை வைத்துக் கரியே பிடிக்காத வினையூக்கி வந்துவிட்டதாம், பெட்ரோ கெமிக்கல் ஆலைகளில் இனி 600 டிகிரி சூடு தேவைப்படாதாம். அதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மணலியில், துணி சோப்புத் தூளுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலையில் 27 வருடம் ஷிஃப்ட் பார்த்தவன் நான். மண்ணெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த பாரஃபின் என்ற ஹைட்ரோகார்பனில் ஹைட்ரஜனைக் கழற்றுவதுதான் எங்கள் பிரிவின் வேலை. எங்கள் வினையூக்கியான, பிளாட்டினம் ஏற்றிய அலுமினா (அலுமினிய ஆக்சைடு) உருண்டைகளை ரியாக்டரில் போடும்போது பார்த்தால் நைலான் ஜவ்வரிசி மாதிரி வெளுப்பாக இருக்கும். சில வாரம் ஓடியபின் இறக்கினால் கறுத்துப்போய் கடுகு மாதிரி வரும். அந்தக் கறுப்பு முழுக்க கரி, ஆலைப் பேச்சில் கோக். கறுத்த உருண்டைகளை வீசிவிடவும் முடியாது. பிளாட்டினத்தை மீட்க வேண்டுமே! டிரம் டிரம்மாக எடைபோட்டு, சீல் வைத்து அனுப்புவோம். ஒரு மணி சிந்தினாலும் பெருக்கி எடுப்போம்.

இந்தக் கரி எப்படி வருகிறது என்பது கட்டுரையில் இல்லை. பிளாட்டின அணுக்கள் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தால், ஹைட்ரஜனை இழந்த மூலக்கூறு உடனே கிளம்பிப் போவதில்லை. பக்கத்து அணுவையும் பிடித்துக்கொண்டு மேலும் மேலும் ஹைட்ரஜனை இழந்து, கடைசியில் கரியாக ஒட்டிக்கொள்கிறது. பிளாட்டினத்தோடு வெள்ளீயம் சேர்ப்பதே இந்த அணுக்களைக் கொஞ்சம் விலக்கி வைக்கத்தான். ஜெர்மனியின் எர்லாங்கன் நியூரம்பெர்க் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இந்த விலக்கலை எங்கோ கொண்டுபோய்விட்டது. நுண்துளைகள் உள்ள கண்ணாடியில் கேலியத் துளிகள், அவற்றில் கரைந்த கொஞ்சம் பல்லேடியம். சுமார் 450 டிகிரியில் பியூட்டேன் வாயுவை, ஹைட்ரஜனைக் கழற்ற, அதன் மேல் விட்டார்கள். பல்லேடியத்தின் உருகுநிலை 1,555 டிகிரி. ஆனாலும் வெல்லம் தண்ணீரில் கரைவதுபோல் அது கேலியத்தில் கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு பல்லேடிய அணுவும் கேலியக் கூட்டத்தின் நடுவே தனித்தனியாக நிற்கிறது. அதனால் வினை முடிந்த மூலக்கூறு பிடித்துக்கொள்ள அடுத்த அணு கிடைக்காமல் கிளம்பிவிடுகிறது. திடப் பல்லேடியம் இதே வேலையில் சீக்கிரமே கரி பிடித்துச் செத்துப்போகும். ஆகவே உலோகம் திரவமாக இருப்பதைவிட, அந்தத் திரவம் அணுக்களை ஒன்று சேரவிடாமல் வைத்திருப்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பெட்டிச் செய்தியில் இது விட்டுப்போயிற்று.

அப்புறம் அந்த 600 டிகிரி. வினையூக்கி ஒரு வினையை வேகப்படுத்தும், அவ்வளவுதான். வினை எதுவரை போகும் என்ற எல்லையை அதனால் நகர்த்த முடியாது. இதேபோல் ஹைட்ரஜனைக் கழற்றிப் புரோப்பேன் வாயுவைப் புரோப்பிலீன் ஆக்க, மோல் ஒன்றுக்குச் சுமார் 124 கிலோஜூல் வெப்பத்தை நாம்தான் கொடுக்க வேண்டும். சூட்டைக் குறைத்தால் புரோப்பிலீனும் குறையும். கேலியமே ஆனாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொன்றையும் சொல்கிறேன், வெளியே இருப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். குரோமியம் வினையூக்கி வைத்து ஓடும் ஆலைகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூலப்பொருள் வாயுவை நிறுத்திவிட்டுச் சூடான காற்றை விட்டுக் கரியை எரிப்பார்கள். அப்படி எரியும் சூட்டில்தான் அடுத்த சுற்றின் ஒரு பங்கு நடக்கிறது. கரியைச் சனியன் என்று திட்டினாலும் அங்கே அதுதான் விறகு. கரியே வராத வினையூக்கியைப் போட்டால் அந்த விறகுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

கரி அறவே வராது என்பதும் அதிகப்படி. குறைவாக, மெதுவாக வரும் என்று எழுதியிருந்தால் சரி. உலோகத் துளியைத் தாங்கும் பொருளின் மேலும் அது படியலாம். படிந்தால் எரிக்க வேண்டும், எரிக்கக் காற்று வேண்டும். காற்றைக் கண்டாலே கேலியத்தின் மேல் ஆக்சைடு தோல் கட்டிவிடும், பாலில் ஆடை படிவதுபோல. பாலாடையை ஸ்பூனால் எடுத்துவிடலாம். இந்தத் தோலைத் திரும்ப உலோகமாக்குவது அவ்வளவு லேசில்லை. சூடான கேலியம் பல உலோகங்களை அரிக்கவும் செய்யும். அலுமினியத்துக்குள் புகுந்தால் அதை அப்பளம்போல் நொறுங்க வைத்துவிடும். துளிகள் நுண்துளையை விட்டு நழுவிக் குழாய்க்குள் போனால் என்ன ஆகும் என்பதுதான் ஷிஃப்ட் பார்த்தவனுக்கு முதலில் வரும் கவலை.

ஆய்வு அருமையானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எங்கள் காலத்தில் இப்படி ஒன்று வந்திருந்தால் எத்தனை டிரம் மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அடுத்து எழுதும்போது கட்டுரையாளர், கரியை எரித்தபின் அந்தக் கேலியம் என்ன நிலையில் இருக்கிறது என்பதை இத்துறை ஆய்வாளர்களிடம் கேட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஊழியர்,
திருவொற்றியூர்.