‘சிறப்பு’ என்று இனி எழுத மாட்டேன்: அக்வேரியம் அறிவியல் துறை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பயிற்சிக் காலம் முடிந்ததும் நீங்கள் அனுப்பும் மதிப்பீட்டுப் படிவம் இந்த ஆண்டும் வந்து சேர்ந்தது. கூடவே புதிதாக எழுதிய கற்றல் விளைவுகளின், அதாவது பாடம் முடியும்போது மாணவருக்கு என்ன வந்திருக்க வேண்டும் என்பதன், பட்டியலும், அதற்கு என் ஒப்புதலைக் கேட்டு ஒரு குறிப்பும். மீன் தொட்டிகளைப் பராமரிக்கும் வேலையில் ஒன்பது ஆண்டுகளாக உங்கள் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துவருகிறேன். இத்தனை ஆண்டுகளில் அந்தப் படிவத்தின் ‘நன்று’, ‘சிறப்பு’ என்ற இரண்டு கட்டங்களைத் தாண்டி என் பேனா போனதே இல்லை. நேரம் தவறாமை, ஆர்வம், குழுவாக வேலை செய்வது, தோற்றம் என்று நான்கு கேள்விகள். நாள் முழுக்க ஈரக் காலோடு நம்மோடு நின்ற பிள்ளைக்கு இவற்றில் குறைத்துப் போட யாருக்கு மனசு வரும்? என் தப்பை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு அப்புறம் உங்களிடம் வருவதுதான் முறை. நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட படிவங்கள் உங்கள் ஆண்டறிக்கையில் ‘தொழில்துறையின் கருத்து’ என்று ஏறியிருக்கின்றன. அவற்றை நம்பாதீர்கள்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு காலை நேரம். பயிற்சிக்கு வந்திருந்த மாணவர் நீர் வேதியியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். பன்னிரண்டு தொட்டிகளின் நீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வந்தார். சோதனைக் குழாயைச் சரியாகக் குலுக்கினார், நேரம் பார்த்துக் காத்திருந்தார், நிறத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்து ஒப்பிட்டார். ஏழாவது தொட்டியில் அமோனியா 1.0 என்று அழகான கையெழுத்தில் எழுதினார். அதற்கு நேர் மேலே, முந்தின நாள் வரிசையில், 0 என்று இருந்தது. அதற்கு முந்தின நாளும் 0. அவர் பேனாவை மூடிவிட்டு எட்டாவது தொட்டிக்குப் போய்விட்டார்.

இருபது நிமிடம் கழித்து நான் அந்தப் பக்கம் போனபோது சர்ஜன் மீன்கள் இரண்டும் நீர் வந்து விழும் மூலையில், மேல்மட்டத்தில், செவுள் விரிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பம்ப் பழுதானதால் இரவு முழுக்க மணல் ஃபில்டர் நின்றிருந்தது. விடியற்காலையில் அதைத் திரும்ப ஓட விட்டிருக்கிறார்கள். ஓட்டமில்லாத நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, ஃபில்டருக்குள் இருந்த பாக்டீரியாக்கள் செத்து, அந்த அழுகல் நீர் அப்படியே தொட்டிக்குள் வந்திருக்கிறது. பம்ப் நின்ற நேரமும் ஓடத் தொடங்கிய நேரமும் அதே பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்தன. தீவனத்தை நிறுத்தினோம், காற்றைக் கூட்டினோம், பாதி நீரை மாற்றினோம். மீன்கள் பிழைத்தன. மதியம் அவரை உட்கார வைத்து நைட்ரஜன் சுழற்சியைக் கேட்டேன். அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று ஒரு பிசகு இல்லாமல் சொன்னார். பிஎச் ஏற ஏற அமோனியாவின் நச்சு வடிவம் கூடும் என்றார். பிஎச் 7-இல் மொத்த அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த வடிவம் 8-இல் ஏறத்தாழ பத்து மடங்காகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. தொட்டியின் பிஎச் 8.2 என்று காலையில் எழுதியதும் அவரேதான்.

உங்கள் பழைய பட்டியலின் மூன்றாம் விளைவு, ‘மாணவர் நீரின் தரத்தைப் புரிந்துகொள்வார்’. புதிய பட்டியலில் அது ‘விளக்குவார்’ என்று மாறியிருக்கிறது. அளக்கக்கூடிய வினைச்சொல்லாக எழுத வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். 1956-இல் அமெரிக்கக் கல்வியாளர் ப்ளூமின் குழுவினர் கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டை வெளியிட்டதிலிருந்து கல்வித் துறை இந்த வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. சரி, மாற்றியது நல்லதுதான். ஆனால் என் மாணவர் விளக்கத்தானே செய்தார்! எனக்கு வேண்டிய வினைச்சொற்கள் வேறு: நிற்பார், முந்தின வரியைப் பார்ப்பார், மீனைப் பார்ப்பார், யாரையாவது கூப்பிடுவார்.

நீங்கள் விளைவு எட்டப்பட்டதற்குச் சான்றாகக் காட்டுவது பாடத்தின் மொத்த மதிப்பெண்ணை. அதில் வருகைப் பதிவு இருக்கிறது, நேரத்துக்குச் சமர்ப்பித்த கட்டுரை இருக்கிறது, இறுதித் தேர்வு இருக்கிறது. எல்லாம் கலந்து 78 என்று வரும்போது அந்த மாணவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டுண்ணி பிடித்த கடல் மீன்களுக்குத் தாமிரம் கொடுக்க வேண்டும். இலக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். தொட்டி 3 மீட்டர் நீளம், 2 அகலம், 1.5 உயரம். பெருக்கினால் 9,000 லிட்டர். மேலே விட்ட இடைவெளி, உள்ளே கிடக்கும் பாறை, மணல் எல்லாம் கழித்தால் 7,500. தொட்டி நீர் சுற்றிவரும் கீழ்த் தொட்டியான சம்ப்பில் 600. ஆக 8,100 லிட்டருக்கு 1.62 கிராம் தாமிரம். தேர்வுத் தாளில் ஒருவர் 16.2 என்று எழுதினால் ‘முறை சரி, புள்ளி தவறு’ என்று அரை மதிப்பெண் குறைப்பீர்கள். தொட்டியில் அது பத்து மடங்கு தாமிரம்.

இன்னொருவர் 1.62 சரியாகப் போட்டுவிட்டு, காப்பர் சல்ஃபேட் உப்பை 1.62 கிராம் நிறுத்துக் கொட்டுவார். கடையில் கிடைக்கும் நீலப் படிகத்தில் தாமிரம் கால்வாசிதான். உப்பு ஆறு கிராமுக்கு மேல் வேண்டும். இந்த மாணவர் எதையும் கொன்றிருக்க மாட்டார், ஒட்டுண்ணி உட்பட. ஒரு வாரம் கழித்து மீன்கள் ஒவ்வொன்றாகப் போகும், யாருக்கும் காரணம் தெரியாது. இரண்டு தவறும் உங்கள் மதிப்பெண் பட்டியலில் ஒரே மாதிரிதான் தெரியும். கணக்கில் சறுக்காத ஆளே கிடையாது, நானும் சறுக்கியிருக்கிறேன். ஆகவே நான் பார்க்க விரும்புவது ஒன்றைத்தான்: மருந்தைப் பல தவணையாகப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் நீரில் தாமிரத்தை அளந்து பார்க்கிறாரா? இதை எழுத்துத் தேர்வில் எந்தக் கேள்வியாலும் பிடிக்க முடியாது.

மருத்துவக் கல்லூரிகளுக்கும் இதே தலைவலி இருந்தது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் மருத்துவக் கல்வியாளர் ஹார்டனும் அவரது குழுவினரும் ஒரு தேர்வு முறையை வெளியிட்டார்கள். மாணவர்கள் வரிசையாகப் பல நிலையங்களுக்குப் போவார்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள், ஒரு வேலை, முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகோல். அதை நாம் தொட்டி அறைக்கு இறக்குமதி செய்வதில் பெரிய சிரமம் இல்லை. தேர்வுக்காக மீனை நோயாக்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. மீனே இல்லாத வாளியில் அம்மோனியம் குளோரைடைக் கரைத்து வைக்கலாம். நோய்க்குறிகளுக்கு வீடியோ போதும். ஒரு மேசையில், நீரின் உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், காய்ச்சி வடித்த நீரால் மட்டும் பூஜ்யம் பார்த்து வைத்தது. பக்கத்தில், கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, உப்பளவு 35 என்று எழுதிய திட்டக் கரைசல், யாரும் எடுக்கச் சொல்லாமல் சும்மா இருக்கும். அதைத் தானாக எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறாரா என்று கவனித்தால் போதும்.

இன்னொரு மேசையில் மூன்று வாரப் பதிவேடு. அதில் பிஎச் 8.2, 8.2, 8.1 என்று இறங்கி 7.8-இல் நிற்கிறது. எந்த நாளின் எண்ணும் தனியாகப் பார்த்தால் அலாரம் அடிக்காது. பிஎச் இறங்காமல் தாங்கிப் பிடிக்கும் காரத்தன்மைக்கான கட்டம் பத்து நாளாகக் காலி. பாக்டீரியாக்கள் ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏழு கிராம் காரத்தன்மை செலவாகிறது என்பது பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடத்தையும் இந்தக் காலிக் கட்டத்தையும் மாணவர் தானே இணைக்கிறாரா?

அப்புறம் ஒரு நிலையம் கட்டாயம் வேண்டும். அதில் எந்தப் பிரச்சினையும் இருக்கக் கூடாது. நன்றாக இருக்கும் தொட்டி, நன்றாக இருக்கும் மீன்கள், ஒரு மீன் மட்டும் பாறை இடுக்கில் ஓய்வாக இருக்கிறது. சரியான விடை: ‘இன்று எதையும் தொட மாட்டேன், நாளைக் காலை முதலில் இதைத்தான் வந்து பார்ப்பேன்.’ தேர்வு என்றாலே எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று பழகிய பிள்ளைகளுக்கு இதுதான் இருப்பதிலேயே கடினமானதாக இருக்கும் என்பது என் ஊகம். பதறிப்போய் மருந்து ஊற்றியவர்களால் வந்த வினையை நான் பார்த்த அளவுக்கு, ஒரு நாள் பொறுத்தவர்களால் வந்ததைப் பார்த்ததில்லை.

மதிப்பிடுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன ஆண்டு நானும் என் சக ஊழியரும் ஒரே மாணவிக்கு, ஒருவரையொருவர் கேட்காமல், ‘உற்றுநோக்கும் திறன்’ என்பதற்கு ஐந்துக்குப் போட்டுப் பார்த்தோம். நான் 4, அவர் 2. அவருக்கு உற்றுநோக்குதல் என்றால் பதிவேட்டில் ஒரு கட்டமும் விடுபடாமல் இருப்பது. எனக்கு, ‘இது நேற்று நான் வந்ததும் கண்ணாடிக்கு வந்தது, இன்றைக்கு வரவில்லை’ என்று அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியம். (மறுநாள் அந்த மீன் தீவனம் எடுக்கவில்லை.) அதற்குப் பிறகு எண்களுக்குப் பக்கத்தில் வாக்கியங்களை எழுதிக்கொண்டோம். முதல் படி: ‘மீன் சாப்பிடவில்லை’ என்று எழுதுகிறார். அடுத்தது: எந்த மீன், எப்போதிலிருந்து, மற்றவை சாப்பிட்டனவா என்று எழுதுகிறார். அதற்கும் மேல்: அதை நீரின் அளவுகளோடும் தொட்டியில் அண்மையில் நடந்த மாற்றத்தோடும் சேர்த்துப் பார்க்கிறார். இப்போது நாங்கள் ஒரு படிக்கு மேல் வேறுபடுவது அபூர்வம். உங்கள் ஆசிரியர்களில் இருவர் ஒரே வீடியோவைத் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டுப் பாருங்கள். சண்டை வந்தால் நல்லது.

சதவீதங்களை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டு பேர் படிக்கும் வகுப்பில் ஒரே ஒரு மாணவர் எட்டு சதவீதத்துக்கு மேல். ‘12 பேரில் 5 பேர் மருந்து போட்ட பிறகு அளந்து பார்க்கவில்லை’ என்று எழுதினால், அடுத்த பருவத்தில் எந்தச் செய்முறை வகுப்பை மாற்ற வேண்டும் என்று அந்த வாக்கியமே சொல்லிவிடும். மூன்று ஆண்டு எண்ணிக்கையைச் சேர்த்து வைத்தால் போக்கும் தெரியும். ‘எல்லா விளைவுகளும் எட்டப்பட்டன’ என்று ஆண்டுதோறும் வரும் அறிக்கையை வைத்து நீங்கள் எந்த வகுப்பை மாற்றினீர்கள்?

எனக்கு வரும் படிவத்திலும் அந்த நான்கு கேள்விகளை எடுத்துவிட்டு ஒன்று போடுங்கள்: ‘இந்த மாணவரை எந்தத் தொட்டியோடு தனியாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போவீர்கள்?’ நெதர்லாந்தின் மருத்துவக் கல்வியாளர் டென் காட்டே 2005-இல் மருத்துவப் பயிற்சிக்கு எழுதிய யோசனையும் ஏறத்தாழ இதுதான்: எந்த வேலையை மேற்பார்வையில்லாமல் ஒருவரிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்பது. இந்தக் கேள்விக்கு என்னால் பூசி மெழுக முடியாது. நன்னீர் தொட்டியோடு விடுவேன், தனிமைப்படுத்தல் தொட்டியோடு விட மாட்டேன் என்று பெயர் சொல்லி எழுதியாக வேண்டும். நீச்சல், டைவிங் சான்றிதழ் எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள், அதில் எனக்குக் குறை இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் பட்டியலின் பதினொரு விளைவுகளிலும் இது இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் தொட்டிக்கு நீர் விட ஹோஸைத் திறந்துவிட்டு, வேறு வேலைக்கு நடுவில் மறந்துபோனார். குளோரின் நீக்காத குழாய் நீர். நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அவரே ஓடி வந்து, முகம் வெளுத்துப்போய், ‘நான்தான் விட்டேன், பத்து நிமிடம் இருக்கும்’ என்றார். அந்தப் ‘பத்து நிமிடம்’ எங்களுக்கு எவ்வளவு உதவியது தெரியுமா? எவ்வளவு நீர் உள்ளே போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, குளோரினை முறிக்கும் தயோசல்ஃபேட்டை உடனே போட்டோம். இந்தத் தொழிலில் பல ஆண்டு இருப்பவர்களே ஹோஸை மறப்பதுண்டு. அதனால்தான் இப்போது ஹோஸைத் திறப்பவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஓடி வந்து சொன்ன அந்த மாணவருக்குக் கல்லூரியில் அந்தச் சம்பவத்துக்காகச் செய்முறை மதிப்பெண் குறைக்கப்பட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்து வந்த அணியில் யாரும் எங்களிடம் எந்தத் தவறையும் சொன்னதில்லை. தவறே நடக்கவில்லை என்று நான் நம்பவில்லை. சம்பவ அறிக்கைகளை மதிப்பெண்ணிலிருந்து பிரித்து வையுங்கள். தன் தவறை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு விவரமாகச் சொன்னார் என்பதைத் தனியாகப் பதிவு செய்யுங்கள்.

படிவத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். அதோடு எங்கள் பதிவேட்டின் மூன்று வாரப் பக்கங்களின் நகலும் இருக்கிறது, பெயர்களை மறைத்திருக்கிறேன். அவற்றில் ஒரு நாள் ஒரு தொட்டியில் ஏதோ தொடங்குகிறது. மீன்களில் தெரியவர மேலும் ஆறு நாள் ஆனது. எந்த நாள், எந்த வரி என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். மாணவர்களுக்குக் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒவ்வொருவரும் தனியாக உட்கார்ந்து தேடிப் பாருங்கள். உறையை அப்புறம் பிரிக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களைப் பயிற்சிக்கு ஏற்கும் ஒரு தொட்டிப் பராமரிப்பாளர்