கடப்பிதழும் குடியிருக்கும் உரிமையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹாங்காங் மக்களின் பிரிட்டிஷ் கடப்பிதழ் பற்றித் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரை, அங்கே வாழும் இந்தியர்களைப் பற்றியும், கடப்பிதழ் இருந்தும் பிரிட்டனில் குடியேறும் உரிமை இல்லாத இதே சிக்கலை நாற்பது ஆண்டுகள் முன்னதாகவே சந்தித்த மலேசியாவின் பினாங்கைப் பற்றியும் ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

பினாங்கும் மலாக்காவும் பிரிட்டனின் நேரடி ஆட்சியில் இருந்ததால், இங்கே பிறந்தவர்கள் பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜைகள். 1948-இல் இன்றைய தீபகற்ப மலேசியாவான மலாயாக் கூட்டரசு அமைந்தபோது, அவர்களில் இங்கேயே நிலையாக வாழ்ந்தவர்களுக்குக் கூட்டரசுக் குடியுரிமை தானாகவே கிடைத்தது. மூடா ஆற்றுக்கு அப்பால், சுல்தானின் நாடான கெடாவின் தோட்டமொன்றில் பிறந்த தமிழரிடமோ, தந்தை எங்கே பிறந்தார், எத்தனை ஆண்டுகள் இங்கே தங்கியிருந்தார் என்றெல்லாம் கேட்கப்பட்டது. ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்குள்ளும் இந்த வேறுபாடு வரக்கூடும் என்பதை இன்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள்.

1957-இல் சுதந்திரம் வந்த பின்னரும் பினாங்கு, மலாக்கா மக்களின் பிரிட்டிஷ் தகுதி நீடித்தது. 1983 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் அவர்களைக் கடல்கடந்த பிரிட்டிஷ் குடிமக்கள் என்ற வகையில் சேர்த்தது. ஆனால் அந்தக் கடப்பிதழ், பிரிட்டனில் குடியேறும் உரிமையைத் தருவதில்லை. பிரிட்டனில் முழுக் குடியுரிமை கிடைத்துவிடும் என்று நம்பி மலேசியக் குடியுரிமையைத் துறந்தவர்கள் உண்டு. எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத இத்தகையோரைப் பதிவு செய்ய பிரிட்டன் பின்னர் வழி வகுத்தபோதும், 2002 ஜூலை 4-க்குப் பிறகு தாமாகவே குடியுரிமையைத் துறந்தவர்களை அது சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு அங்கும் இடமில்லை, இங்கும் இடமில்லை.

ஹாங்காங் இந்தியர்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். சீன வம்சாவளியினர் அல்லாததால் அவர்கள் தாமாகச் சீனக் குடிமக்கள் ஆகவில்லை. வேறு நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு எஞ்சியது வெளிநாட்டுப் பிரிட்டிஷ் தகுதி மட்டுமே. ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் உடன்பாடு 1984-இலேயே கையெழுத்தாகியிருந்தும், அவர்களை முழுக் குடிமக்களாகப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் சட்டம் 1997-இல், ஒப்படைப்புக்குச் சில மாதங்களே இருந்தபோதுதான் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு சிறுபான்மையைக் காத்திருக்க வைத்ததைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பாட்டனாரின் பழைய பிரிட்டிஷ் கடப்பிதழை வைத்துக்கொண்டு முகவர்களைத் தேடிச் செல்வோர் இன்றும் இருக்கக்கூடும். 1983-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு அந்தத் தகுதி பொதுவாக வழிவழியாக வருவதில்லை என்பதையும், இரட்டைக் குடியுரிமையை மலேசியா ஏற்பதில்லை என்பதையும் விளக்கி, வழக்கறிஞர் ஒருவரின் கட்டுரையைத் தாங்கள் விரைவில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு