சோடாக்காரருக்கு ஒரு இடம்

வேலூர்,
வெள்ளி இரவு

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லாரும் நலம். உன் பெண் பிளஸ் டூ பாஸ் என்று அக்கா சொன்னார்கள். கணக்கில் உன்னைப் போல இல்லாமல் போனாளே, சந்தோஷம்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. நம்ம பழைய சோடாக்காரரைப் பார்த்தேன்டா. லாங் பஜாரில் என் கடைக்கு எதிரே மீன்பாடி வண்டி மேலேயே படுத்துத் தூங்குகிறார். அவர் வீட்டு அம்மா காலமாகிவிட்டார்களாம். வாடகை கட்ட முடியாமல் வீட்டைக் காலி செய்துவிட்டார். என்னைத் தெரியவில்லை, பன்னீர் சோடா என்றதும் உன் பெயரைத்தான் கேட்டார். நீ தர வேண்டிய சோடா பாக்கி அப்படியே இருக்காம், அனுப்பி வை.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்துவிட்டது. நம்ம ஊர் வெயில் உனக்குத் தெரியும். நடுராத்திரியிலும் சிமெண்டுத் தரை சுடுகிறது. மனசு கேட்காமல் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் கொண்டுபோய் விட்டேன். சுத்தமான இடம். கட்டில், ஃபேன், ஜன்னலில் கொசுவலை. பார்த்துக்கொள்ளும் பெண் அவருக்கு நகம் வெட்டிவிட்டதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஒரு வாரம்கூடத் தங்கவில்லை, பஜாருக்கே திரும்பிவிட்டார்.

ஏன் பெரியவரே என்றால், "கேட்டை ஒன்பது மணிக்குப் பூட்டிடறாங்கப்பா, லாரி மூணு மணிக்கு வருதே" என்கிறார். நேதாஜி மார்க்கெட்டில் விடியுமுன் மூட்டை இறங்கும்போது வண்டியோடு நின்றால்தான் அவருக்கு அன்றைய காசு. காப்பகத்தில் வண்டி நிறுத்தவும் இடமில்லை. வெளியே விட்டால் காலையில் இருக்காது. இங்கே சக்கரத்துச் சங்கிலியின் நுனியைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு தூங்குகிறார், செல்வம். தோல் அங்கே கறுத்துப்போய்க் காய்த்திருக்கிறது.

அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிழைப்பை விட்டுவிட்டு வந்தால்தான் படுக்க இடம் என்றால் யார் வருவார்கள்? விதிகள் அப்படிச் சொல்லவும் இல்லை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும், அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2013-ல் வந்த மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதையேதான் எழுதி வைத்திருந்தது. வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்து. நம்ம மாநகராட்சியில் ஏறக்குறைய 5 லட்சம் பேர். கணக்குப் போட்டுக்கொள்.

பணமும் இடிக்கிறது. 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த அந்தத் திட்டத்தில் வருஷத்துக்கு 6 லட்சம் ரூபாய்தான் வைத்திருந்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 ரூபாய்தான் வந்தது. சம்பளம், கரண்ட் பில், துணி துவைப்பது எல்லாம் அதற்குள். ராத்திரி கேட்டுக்கு ஆள் போட எங்கே மிஞ்சும்? காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்மேல் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதில் ஆஸ்பத்திரி விஷயம் வேறு. சிஎம்சிக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருகிறவர்களில் லாட்ஜுக்குக் காசு தீர்ந்தவர்கள் எங்கே போவார்கள்? மற்ற ஊர்க் கணக்கு நம்ம ஊருக்குப் போதாது என்பது என் எண்ணம்.

முதியோர் பென்ஷனாவது வாங்கிக் கொடுக்கலாம் என்றால் அவருடைய ஆதார் அட்டை தொலைந்துபோயிருக்கிறது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறேன். மார்க்கெட் பக்கத்தில் காப்பகம், ராத்திரியும் திறந்த கேட், வண்டி நிறுத்த ஒரு கூரை. இந்த மூன்றும் போதும். மனு எழுதுவதில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த ஹாஸ்டல் தண்ணீர் மனுவை நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பு. மார்க்கெட் சுமைதூக்குகிறவர்கள் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் அடியில் இடம் நிறைய விடு.

அன்புடன்,
பாபு