ஓமன் நாட்டு நிஸ்வாவில் இருக்கும் மாப்ளைக்கு, ஹப் ஸ்டட் விஷயமாக

அம்பாசமுத்திரம்,
ஐப்பசி.

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. முதலில் வீட்டுச் சேதி. போன வாரம் வீரவநல்லூர் போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை நன்றாகத் தெளிந்திருக்கிறது, பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறார்கள். உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லச் சொன்னார்கள். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது, பிசான நெல் சாகுபடிக்கு நாற்றுப் பாவியாச்சு.

பட்டறையில் பழைய ஜீப் கூட்டம் இல்லை. 2024-ல் மலைமேல் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட் வேலை நின்று சனம் கீழே இறங்கிய பிறகு, மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டிப் போகிற வண்டியே குறைந்துவிட்டது. காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று ஓடிய வண்டிகளின் முன் ஆக்ஸிலைக் கழற்றி மாட்டித்தானே நான் தொழில் படித்தேன். நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, உன் வண்டிக்கு வருவோம். லேண்ட் குரூஸரில் முன் சக்கரத்து ஹப் ஸ்டட் (தலையில்லாத, மரை போட்ட போல்ட்) ரெண்டாவது தடவையும் ஒடிந்துவிட்டது, இதைவிடக் கெட்டியான ஸ்டட் வாங்கிப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடு. ஆனால் அதை மட்டும் செய்தால் மூன்றாவது தடவையும் ஒடியும்.

முன் ஆக்ஸிலைச் சக்கரத்தோடு பூட்டவும் விடுவிக்கவும் செய்கிற லாக்கிங் ஹப்பைச் சக்கரத்தின் ஹப்போடு பிடித்திருப்பது அந்த ஆறு ஸ்டட்கள்தான். மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டுகிற லோ ரேஞ்சில் முதல் கியர் போட்டால் கியர்பாக்ஸ், முன் பின் ஆக்ஸிலுக்கு முறுக்கைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர், டிஃபரன்ஷியல் எல்லாம் சேர்ந்து இன்ஜினின் முறுக்கை 40 மடங்கை ஒட்டிப் பெருக்கும். அதில் முன் ஆக்ஸிலுக்கு வருகிற பங்கு இந்த மூட்டு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். 8 மி.மீ. ஸ்டட் தன் உடம்பால் அதைத் தாங்கும் என்று நினைத்து யாரும் அதை அங்கே வைக்கவில்லை. நட்டின் இறுக்கத்தில் ரெண்டு முகமும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். முறுக்கைக் கடத்துவது அந்தக் கவ்வல். துளைக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் அடைத்துக்கொள்வது கூம்பு மாதிரி இருக்கிற கோன் வாஷரின் வேலை. நட்டு லேசாகத் தளர்ந்துவிட்டால் போதும், வண்டி முன்னே பின்னே போகும்போதெல்லாம் ஹப் மயிரிழை அளவு ஆடும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியுமாக வளைத்து ஒடிக்கிற மாதிரி ஸ்டட் ஒடிந்து போகும்.

உன் படத்திலேயே இது தெரிகிறது. ஒடிந்த முகத்தில் பாதிக்கு மேல் கறுத்து வழவழவென்று இருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் புது உலோகமாகச் சொரசொரப்பாக இருக்கிறது. கறுத்த இடத்தில் விரிசல் ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மிச்சம் இருந்த துண்டுதான் வாதி பனி அவ்ஃப் பள்ளத்தாக்கில் பிய்ந்தது. கோன் வாஷரைச் சுற்றிச் செம்பழுப்பாகப் பொடி ஒட்டியிருக்கிறது பார், அது இரும்பும் இரும்பும் உராய்ந்து வந்த பொடி. அந்தப் பொடியையோ, ஹப் ஓரத்தில் கிரீஸ் கசிவையோ கண்டால் ஸ்டட் ஒடிவதற்கு முன்பே ஸ்பேனரை எடுத்துவிடலாம்.

இப்போது ஒடிந்ததை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதே. மீதி ஸ்டட்களும் அதே ஆட்டத்தை ஆடியவைதான், ஆறையும் மாற்று, கோன் வாஷரும் புதிதாகவே இருக்கட்டும். கழற்றும்போது வாஷர் பிடித்துக்கொண்டு வராது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதே. நட்டை ஸ்டட் நுனி வரை தளர்த்திவிட்டு, நுனியில் பித்தளைக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டு, வாஷர் தானாகத் துள்ளி வெளியே வரும். கோன் உட்காரும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ஹப் உடம்பை மறுபடி மாட்டாதே. அதில் எந்த ஸ்டட்டும் நிற்காது.

மாட்டுகிற வேலையில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். ஹப் துளையின் மரையை டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போட்டு ஸ்டட்டை இறக்கு. சேர்கிற ரெண்டு முகத்திலும் பொட்டு கிரீஸ் இருக்கக்கூடாது. ரெண்டு முகத்துக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங்குக்குப் பதிலாக சிலிகானைத் தடித்துப் பூசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அது நசுங்க நசுங்க நட்டின் பிடி போய்விடும். இறுக்குவது டார்க் ரெஞ்சில், அதாவது இறுக்கத்தை அளந்து வைக்கிற ஸ்பேனரில். 8 மி.மீ.க்கு 30 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் வரும், உன் வண்டியின் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வை. கை பலத்தில் இழுத்தால் மரை நீண்டுவிடும். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி டார்க் பார். புது பேக்கிங் அமுங்கிக் கொடுக்கும். அப்புறம் நட்டிலிருந்து ஹப் வரை பெயின்டில் ஒரு கோடு போட்டு வை, கோடு விலகினால் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடு. பேரிங் தளர்ந்தால் அந்த அசைவும் இந்த ஸ்டட் தலையில்தான் விழும்.

இன்னும் வேண்டுமென்றால் நல்ல லேத்தில் கொடுத்து ரெண்டு முகத்தையும் குறுக்கே பூட்டுகிற மாதிரி ரெண்டு டவல் பின் (மரையில்லாத இரும்பு முளை) போடச் சொல். பக்கவாட்டு வெட்டைப் பின் வாங்கிக்கொள்ளும், ஸ்டட்டுக்கு இறுக்கிப் பிடிக்கிற வேலை மட்டும் மிஞ்சும். கெட்டி ஸ்டட்டுக்குச் செலவு செய்வதைவிட இது மேல் என்பது என் எண்ணம்.

ஜெபல் அக்தர் மலை ரோடு முழுக்கத் தார் என்று எழுதியிருக்கிறாய். அதில் ஹப்பைப் பூட்டி ஃபோர் வீல் போட்டுத்தான் இறங்குகிறாயா? கொண்டை ஊசி வளைவில் முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட அதிக தூரம் சுற்ற வேண்டும். காய்ந்த தாரில் வழுக்க வழி இல்லாததால் அந்த வித்தியாசம் முழுக்க முறுக்காக ஹப்பில் ஏறி நிற்கும். ரோடு காய்ந்திருந்தால் ஹப்பை ஃப்ரீயில் விட்டு, டிரான்ஸ்ஃபரை மட்டும் லோவில் போடு. பின் சக்கரத்துக்கு இன்ஜின் பிரேக் கிடைக்கும், முன் ஹப்புக்கு வேலை இல்லை. மழை பெய்தாலோ சரளை வந்தாலோ இறங்கி ஹப்பைப் பூட்டிவிடு, அங்கே உன் உயிர்தான் பெரிசு. வாதிக்குள் பாறையில் ஏறும்போது டயர் காற்றைக் குறை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்காதே, சக்கரம் துள்ள ஆரம்பித்தால் உடனே காலை எடு. துள்ளிய சக்கரம் பாறையில் கவ்வும்போது விழுகிற அடிதான் எல்லாவற்றையும்விட மோசம்.

வண்டியில் நாலு ஸ்டட், நட்டு, கோன் வாஷர், அந்தப் பித்தளைக் கம்பி எல்லாம் ஒரு டப்பாவில் எப்போதும் கிடக்கட்டும். ஒடிந்த துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, பட்டறைப் பையன்கள் அந்தக் கறுத்த முகத்தைக் கையில் வைத்துப் பார்க்கட்டும்.

உன் சேக்காளி