வெட்டுத்துண்டுப் போர்வைக்கு எந்தப் பிரிவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் யாழ்ப்பாணத்தில் நடந்த கைப்பணிக் கண்காட்சியொன்றில், அறுகோணத் துண்டுகளைக் கையால் இணைத்த போர்வையைக் ‘கழிவுப் பொருள்’ பிரிவில், பிளாஸ்டிக் போத்தல் பூச்சாடிகளுக்குப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தார்கள். விரித்துக்கூடக் காட்டவில்லை. தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துண்டில் தைத்தால் குப்பையாகிவிடுமா?

இப்படியொரு போர்வைக்குப் பழைய கலண்டர் தாளில் அறுகோணம் வெட்டி, பருத்தித் துணியை அதன்மேல் மடித்து நூலோட்ட வேண்டும். பிறகு இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை முகம் பார்க்க வைத்து, மடிப்பு விளிம்பில் இரண்டு மூன்று இழைகளை மட்டும் ஊசியில் எடுத்துச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி தாளில் ஏறக் கூடாது. ஆறு பக்கமும் இணைந்த பிறகே தாளை உருவலாம். மூன்று துண்டுகள் கூடும் இடத்தில் ஒவ்வொன்றின் மூலையும் 120 பாகை. ஒன்று பிசகினாலும் துணி பொங்கி நிற்கும். “மெஷினில் அடிக்கலாமே” என்பவர்கள் அந்த மூலையை ஒரு தடவை அடித்துப் பார்க்கட்டும்.

அடுத்த முறை இதைத் தையற் பிரிவில் சேர்க்க வேண்டும். தையற்கடைக்காரர்களும் பருத்தி வெட்டுத்துண்டுகளை எரிக்காமல் ஒரு பையில் போட்டு வைத்தால், விலை கொடுத்து வாங்க ஆட்கள் இருக்கிறோம். பொலியெஸ்டர் வேண்டாம், மடிப்பு நிற்காது.

வாசகி,
கொக்குவில்.